அளவுக்குள் இருந்த தண்ணீர்

பின்னறைக் கதவில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள்: 'உள்ளே ஒன்பதாயிரம் வோல்ட். தட்டாதே, கூப்பிடு.'

இருபது வருடம் கடைகளுக்கு நியான் விளக்குப் பலகை செய்தவள் அவள். அதில் மிஞ்சிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்துத்தான் இப்போது வெள்ளிக் கரைசல் தயாரிக்கிறாள். காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகள், நடுவே மின்பொறி. பொறியில் உதிரும் வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத துகளாகத் தண்ணீரில் மிதக்கும். மண் ஃபில்டர் செய்யும் பட்டறை ஒன்று, கிருமியைக் கொல்லப் பானைகளின் உட்புறம் பூச அப்படியொரு கரைசலைத் தேடிக்கொண்டிருந்தது. வீட்டில் செய்ததை நம்பலாமா என்று முடிவு செய்ய, பட்டறையின் பரிசோதகி இன்று நேரில் வந்திருந்தாள்.

"இதைக் குடிக்கக்கூட செய்யறாங்களாமே?" என்றாள் பரிசோதகி.

"கேட்டு வர்றவங்களை வாசலோட அனுப்பிடுவேன் மேடம். இது பானைக்கு. வயித்துக்கில்ல. குடிச்சுக் குடிச்சுத் தோல் சிலேட்டுக் கலர்ல மாறினவங்க இருக்காங்க."

"எனக்குக்கூட ஒரு சொட்டு தந்ததில்ல," என்றார் அறை வாசலில் நின்ற கணவர். தையல்காரர், கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொறி சீறிக்கொண்டிருந்தது. "நடுவுல நான் இந்தப் பெட்டியைத் திறந்தா?" என்றாள் பரிசோதகி.

"திறந்து பாருங்க."

மூடி அரை விரல் நகர்ந்ததும் பொறி செத்தது.

"மூடினா தானா வந்துடுமா?"

"வராது. நான் அந்தக் கோடியில போய் சுவிட்சை அழுத்தினாத்தான் வரும். அப்பவும் கையை வைக்க மாட்டேன்." மிச்ச மின்சாரம் இறங்க, மரப்பிடி போட்ட எர்த் கம்பியால் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது; இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். அந்தக் கை அங்கே போவது அவளுக்கே தெரியாது. அவ்வளவு வருடப் பழக்கம்.

பொறி மீண்டும் ஓடி முடிந்தபோது ஜாடியில் தண்ணீர் வெளிர் மஞ்சளாக மாறியிருந்தது. பரிசோதகி விளக்குக் கற்றையைப் பாய்ச்சினாள்; துகள்கள் மிதப்பதற்கு அடையாளமாகத் தண்ணீருக்குள் ஒளி ஒரு கோடாகத் தெரிந்தது. வேண்டாத உப்போ அழுக்கோ கரைந்திருந்தால் எண் ஏறிக் காட்டும் மீட்டரை முக்கினாள். "நல்லா வந்திருக்குக்கா. எடுத்துட்டுப் போறேன்."

கரைசல் செய்தவள் மீட்டரை எட்டிப் பார்த்தாள். பதினொன்று. அவளுடைய கரைசல் நான்கைத் தாண்டியதே இல்லை.

"இதைத் தர மாட்டேன் மேடம்."

"இருபது வரைக்கும் நாங்க எடுத்துக்குவோம். இது அளவுக்குள்ளதான் இருக்கு."

"உங்க அளவுக்குள்ள இருக்கு. என் அளவுக்குள்ள இல்ல."

கம்பிகளை வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அளந்த பிறகுதான் மின்சாரம் கொடுப்பாள். விருந்தாளி காத்திருக்கிறாளே என்று இன்று அதை விட்டுவிட்டாள். நேற்று துடைத்து வைத்த கம்பிகள்தானே என்ற மிதப்பு வேறு. கம்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி போல மின்னியது. இவ்வளவு பளபளப்பு அவள் துடைத்ததில் வராது.

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் டேப்பைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

"என்ன போட்டுத் தேய்ச்சீங்க?"

"பல்பொடி. பெரிய இடத்துலேருந்து வர்றாங்களே, கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னு..."

பரிசோதகி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அவரு தேய்ச்சது அவரு தப்பு. அளக்காம விட்டது என் தப்பு," என்று அவள் ஜாடியைத் தூக்கிக் கழிவு கேனில் கவிழ்த்தாள். "ஒரு மணி நேரம் ஆகும். இருப்பீங்களா?"

பரிசோதகி கைப்பையைக் கீழே வைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இருக்கேன்க்கா. மாசம் பத்து லிட்டர் எழுதிக்கறேன். அந்த ஊறவைக்கற விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க, எங்க பசங்களுக்கும் சொல்லணும்."

அவள் புதிய கம்பிகளைப் பிரித்து ஊறவைத்தாள். இந்த முறை மீட்டர் ஒன்றைத் தாண்டவில்லை. அவள் பெட்டியை மூடினாள். இடது கை தானாக முதுகுக்குப் போனது.

வெளியே, மதில் மேல் கையூன்றி, தையல்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாஸான தண்ணியையே கொட்டிட்டாளே. எவளுக்கு வரும் அந்த நெஞ்சு?"

பல்பொடியைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை.