நடுவில் நிற்கும் கஸ்தூரியம்மாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோம்பை மலையைக் கைபேசியை மெல்லத் திருப்பிக்கொண்டே ஒரே நீளப் படமாக (பனோரமா) பிடித்தேன். குறுக்கே நடந்த மாட்டுக்கு ஆறு கால் விழுந்திருந்தது. அந்தச் சிரிப்பில் பிறந்த கதை இது. மாட்டை வைத்து எழுதத் தெரியாததால் ஒரு பெண்ணை வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மேற்கு மலையில் மேகம் இறங்கி...' (வேண்டாம். மேகம் இறங்கினால் படம் எடுக்கப்போகிற சிக்கந்தருக்கு வெளிச்சம் கிடைக்காது.)

இன்னொன்று: 1936. உத்தமபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த சிக்கந்தர் ராவுத்தரைத் தேடிக் கஸ்தூரியம்மாள் வந்தாள். மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இரண்டு பேர்: இவளுடைய அண்ணன் வேலுச்சாமி, தம்பி சுருளிவேல். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இருவருக்கும் பேச்சு கிடையாது. "அவன் வந்தா நான் பந்தல மிதிக்க மாட்டேன்" என்று இருவருமே சொல்லியிருந்தார்கள். (ஒற்றுமை அதில் மட்டும்தான்.)

"ரெண்டு பேரையும் ஒரே படத்துல நிப்பாட்டிக் குடுங்க ராவுத்தரே. படத்துல சேந்துட்டாகன்னா பந்தலுக்கும் வந்துருவாக."

"ஒண்ணா நிக்க மாட்டாகளே தாயி?"

"தனித்தனியா வரச் சொல்றேன். ஒட்டுறது ஒங்க பாடு."

சிக்கந்தருக்கு அது கைவந்த வேலை. ஒரு படத்தில் அடங்காத தேர்க்கூட்டத்தை இரண்டாக எடுப்பார். நடுவில் ஒரே ஆள் இரண்டிலும் விழும்படி பார்த்துக்கொண்டு, அந்த ஆள்மேலேயே வெட்டி ஒட்டிவிடுவார்.

3

முதல் நாள் அண்ணன். மறுநாள் அதே வெயிலில் தம்பி. இரண்டு நாளும் அதே சேலையில் நடுவில் கஸ்தூரியம்மாள். கேமராவின் கால்களுக்கும் அவள் கால்களுக்கும் தரையில் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தார்.

"கால அசைச்சுறாத தாயி" என்றவர், முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. [தொழில் தெரிந்தவர் மறப்பாரா என்று கேட்காதீர்கள். அவர் மறக்காவிட்டால் எனக்குக் கதை இல்லை.]

கால்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. முகம்தான் வம்பு. முதல் படத்தில் அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இரண்டாவதில் தம்பியைப் பார்த்து.

"எந்த மொகத்த வைக்கட்டும் தாயி?"

ஒரு முகத்தை வெட்டினால், அது யாரைப் பார்த்துச் சிரித்ததோ அவன், அவள் மற்றவன் பக்கம் என்பான். பந்தலுக்கும் வரமாட்டான். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டையும் வைங்க. அங்கன நின்னதும் நாந்தான், இங்கன நின்னதும் நாந்தான்."

வெட்டாமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்.

4

முடிவு ஒன்று: படத்தைப் பார்த்ததும் அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து... (எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: இருவருமே வரவில்லை. முகூர்த்த நேரத்தில் கல்யாணப் பெண்... (அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர்கூட வைக்காமல் அழவைக்க மனம் வரவில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பசை காய்ந்ததும் கஸ்தூரியம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே இரண்டு கஸ்தூரியம்மாள்கள் முதுகோடு முதுகாக நின்றார்கள்.

"பாத்தீகளா ராவுத்தரே" என்று சிரித்தாள். "இவளுக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல போலருக்கு."

படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறாள். எனக்கும் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்; ஆனால் இன்னொருவன் காதில் விழாமல் சொல்லுங்கள்.