பிறந்த ஊர் என்ற கட்டம்

1

இந்தக் கதை ஒரு காதுக் கோளாறில் தொடங்கியது. தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கும் ஷம்சாத் அக்கா, “உன் கதைய ஒரே ஒரு பக்கத்துல எழுதிட்டு வா, மனுவோட வைக்கணும்” என்றார். ‘கதை’ என் காதில் விழுந்தது. ‘ஒரே ஒரு பக்கம்’ விழவில்லை. இதோ நோட்டில் நான்காம் பக்கம் ஓடுகிறது. அப்பா தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறார். பயம் வந்தால் சிலருக்குக் காய்ச்சல் வரும். எனக்கு எழுத்து வருகிறது.

என் பெயர் பூமிகா. ப்ளஸ் டூ படிக்கிறேன். வெள்ளிக்கிழமையோடு எனக்குப் பதினெட்டு முடிகிறது. இன்று செவ்வாய். அதற்குள் அரசாங்கத்திடம், என்னை இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டாக வேண்டும். (பதினைந்து வருஷமாகப் பூதலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீங்களும் சிரிக்கலாம். மெதுவாக. அப்பா விழித்துதான் இருக்கிறார்.)

2

முதல் தொடக்கம்:

“காவிரி கரைபுரண்டோடும் தஞ்சைத் தரணியில் பிரகதீஸ்வரி என்றொரு பெண்

[நிறுத்திவிட்டேன். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அது கரைபுரண்டு நான் பார்த்ததில்லை. பிரகதீஸ்வரியைக் கூட்டிவந்ததற்குக் காரணம், எது நடந்தாலும் அவளுக்கு நடக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான்.]

இதை ஷம்சாத் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “யாருடி இந்தப் பிரகதீஸ்வரி? அவளுக்கு விசா இருக்கா?” என்று பதில் வந்தது.

இரண்டாம் தொடக்கம்:

“நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்தேன்.”

இது நல்ல வாக்கியம். ஆனால் எழுதியபிறகு ஒரு மணிநேரம் அடுத்த வாக்கியம் வரவில்லை.

3

சரி, வரிசையாகச் சொல்கிறேன். அப்பா பெயர் வீரையன். கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மா அந்த நாட்டுக் குடிமகள் என்பதால் எனக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட். எனக்கு மூன்று வயதானபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். எனக்குக் கிடைத்தது ஆறு மாத விசா.

“ஆறு மாசம் முடிஞ்சப்ப என்னண்ணே பண்ணீங்க?” என்று ஷம்சாத் அக்கா கேட்டார்.

“சம்பா நடவு நடந்துட்டு இருந்துச்சுங்க வக்கீலம்மா.”

அது பொய்யில்லை. நடவு நடந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு பள்ளிக்கூடம். சேர்க்கையன்று டீச்சர், “எந்த ஊரு?” என்று கேட்டார். அப்பா, “பூதலூருங்க” என்றார்.* டீச்சர் அதைப் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் எழுதினார். அதைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த சான்றிதழ்கள் எல்லாம் எழுதப்பட்டன. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. டீச்சர் ஒன்றைக் கேட்டார், அப்பா வேறொன்றுக்குப் பதில் சொன்னார், கட்டம் நிரம்பிவிட்டது.

(* எங்கள் பக்கத்தில் எந்த ஊரு என்று கேட்டால் யாரும் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்ல மாட்டார்கள். வீடும் வயலும் இருக்கும் ஊரைத்தான் சொல்வார்கள். இதை விளக்க நாற்றங்காலையும் நடவு வயலையும் வைத்து ஓர் உவமை எழுதி, அடித்துவிட்டேன். அதிகாரிகளுக்கு உவமை ஒத்துக்கொள்ளாதாம்.)

உண்மையை விடாமல் சொல்லிவந்தவர் ஜெயா அத்தை ஒருவர்தான். அப்பாவின் அக்கா, என்னை வளர்த்தவர். பழைய சோற்றைப் பார்த்து முகம் சுளித்தால், “மலேசியாக்காரிக்கு எறங்காதே” என்பார். சேற்றில் கால்வைக்கத் தயங்கினால், “மலேசியாக்காரிக்குக் கம்பளம் விரிங்கடா.” தெரு முழுக்க அதுவே என் பெயராகிப்போனது. அது கேலியில்லை, சட்டப்படி சரியான தகவல் என்று யாருக்கும் தெரியாது, அத்தைக்கே தெரியாது.

போன மாதம் வாக்காளர் பட்டியலுக்காக ஒரு டீச்சர் வீடுவீடாக வந்து, பதினெட்டு ஆகப்போகிற பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். ஓட்டுப் போடப்போகிற குஷியில் நானே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சிவப்புப் பாஸ்போர்ட். அதில் வாயைத் திறந்தபடி மூன்று வயது நான். அந்த வாயை இன்னும் மூடவில்லை.

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அப்பா. வில்லனாக எழுதிப்பார்த்தேன். எந்த வில்லனும் மகளுக்குத் தினமும் தலை பின்னிவிட மாட்டான், அதுவும் இவ்வளவு கோணலாக.

போன வாரம் நான் போனில் கேட்டபோது ஷம்சாத் அக்கா சட்டத்தை இப்படிச் சொன்னார்: பதினெட்டு ஆவதற்குள் என்றால் அது பிள்ளைக்காக அப்பா போடும் மனு. அப்பா இந்தியர் என்பதால் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு நான் விசா முடிந்த வெளிநாட்டுக்காரி. “அது வேற கதைடி” என்றார். அந்தக் ‘கதை’ மட்டும் எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

ஜெயா அத்தையின் சட்டம் வேறு. எல்லாக் காகிதத்திலும் பூதலூர் என்றுதானே இருக்கிறது, அந்தச் சிவப்புப் புத்தகத்தை அடுப்பில் போட்டால் தீர்ந்தது என்றார். அப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. “நானே எழுதிக் குடுத்து எம்புள்ளையப் புடிச்சிக் குடுக்கவா?” என்றார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

நான் போனில் கிள்ளானைத் தேடிப் பார்த்தேன். ஓர் ஆறு ஓடுகிறது. ஸ்டேஷன் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் அங்கே யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தேடினேன். அது வரைபடத்தில் இல்லை.

5

முடிவு அ: பாஸ்போர்ட் அடுப்பில் எரிகிறது. யாருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கட்டம் வரும்போது தெரிந்தே பொய் எழுதுவேன்.

முடிவு ஆ: மூன்றே மாதத்தில் சான்றிதழ் வருகிறது. தெருவே வெடி போடுகிறது. (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இ: அவள் விமானத்தில் ஏறி

[இல்லை.]

இனி வருவது முடிவில்லை. இன்று சாயங்காலம் நடந்தது. ஷம்சாத் அக்காவின் ஆபீஸில் அப்பாவும் நானும். சிவப்புப் பாஸ்போர்ட்டை அடுப்பிலிருந்து காப்பாற்றி என் புத்தகப்பையில் கொண்டுபோயிருந்தேன். அப்பா ‘சும்மா கேட்டுட்டு வரலாம்’ என்றுதான் வந்தார். அக்கா பேனாவைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். அப்பா பெயர் சொன்னார். என் பெயர் சொன்னார்.

“பொறந்த ஊரு?”

அப்பா வாயைத் திறந்தார். ‘பூ’ என்று உதடு குவிந்ததை நான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தார்.

“கிள்ளானுங்க” என்றார்.

பதினைந்து வருஷத்தில் அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா எழுதி முடிக்கும்வரை பொறுத்துவிட்டு, “ஆனா அவ ஊரு பூதலூருங்க. அதையும் எழுதிக்குங்க” என்றார்.

“அதுக்குக் கட்டம் இல்லண்ணே.”

“ஓரத்துல எழுதுங்களேன்.”

ஓரத்தில் எழுதினால் மனு திரும்பிவிடுமாம். அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பி, உன் கதைய எழுதிட்டு வா என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, யாரும் கேட்காமலேயே அதன் கீழே ‘பூதலூர்’ என்று எழுதினார். ஷம்சாத் அக்கா அதை அழிக்கவில்லை.

6

நாளை இந்த நோட்டை அக்கா ஒரு பக்கமாக வெட்டிவிடுவார். பிரகதீஸ்வரி போய்விடுவாள், கோணல் பின்னலும் போய்விடும். வெட்டிய பக்கம் மனுவோடு வியாழக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகும். முடிவை அதற்கும் மேலே எங்கோ ஒரு மேசையில் எழுதுவார்கள். என்னிடம் அது இல்லை, இருந்தால் தரமாட்டேனா?

ஒருவேளை அந்த மேசையில் இருப்பவர் நீங்கள்தான் என்றால், முடிவுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

……………………………………

நீங்கள் அவர் இல்லையென்றால், நான் எந்த ஊர் என்பதில் சந்தேகம் இருந்தால், பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி எந்த டீக்கடையிலாவது மலேசியாக்காரி வீடு எது என்று கேளுங்கள். வழி சொல்வார்கள்.