பிளவக்கல் ஒன்பது

மாரிச்செல்வியின் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்தபோது சிவரஞ்சனியின் கையில் டீ டம்ளர் இருந்தது. நல்லவேளை, பாதியைக் குடித்து முடித்திருந்தாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சோதனை லேபில் அவளுக்கு வேலை. நூல் எவ்வளவு இழுவை தாங்குகிறது, எத்தனை இடத்தில் அறுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். பத்தரை மணி டீ நேரத்தில் செல்போனை எடுத்து அந்தப் பட்டியலை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது ஆறு வருடப் பழக்கம். தன் பெயர் எப்போது வரும் என்றுதான் ஆறு வருடமும் பார்த்தாள். இன்று வந்திருந்தது அவளுடைய ஓரகத்தியின் பெயர்.

வயிறு எரிந்தது. நாகரிகமாக வேறு வார்த்தை போட்டுச் சொல்லலாம்தான். ஆனால் எரிந்தது வயிறுதான்.

அது என்ன பட்டியல் என்று சொல்லாவிட்டால் அவள் எரிந்ததில் நியாயம் தெரியாது. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உயிர் இருக்கும், அல்லது அது வெறுமையாகக் கிடக்கும். சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் நடுவில் உள்ளது பிழைக்கும். குறைந்தாலும் செத்துப்போகும், கூடினாலும் செத்துப்போகும். வெறும் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று உயிர் இருந்தால் அதில் புதிதாக ஒன்று பிறக்கும். சட்டம் அவ்வளவுதான். பலகையில் உயிர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாரித் தெளித்துவிட்டு, இந்தச் சட்டப்படி அடி அடியாக ஓடவிட்டால், அவை முட்டி மோதி மடிந்து, கடைசியில் சில உருவங்கள் மிஞ்சும். பெரும்பாலும் பார்த்துச் சலித்த உருவங்கள்தான். கோடி கோடித் தெளிப்புகளுக்கு ஒருமுறை, யாரும் இதுவரை காணாத ஒன்று தானாக விளைந்து நிற்கும்.

உட்கார்ந்து யோசித்து உருவம் செய்கிறவர்கள் தனியே இருக்கிறார்கள். அவர்களை சிவரஞ்சனி ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. அவளுக்குத் தானாக விளைந்ததுதான் உசத்தி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மென்பொருளைத் தங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, மிஞ்சியதை எண்ணிப் பொதுப் பட்டியலுக்கு அனுப்புகிறார்கள். புதிய உருவம் யாருடைய மெஷினில் விளைந்ததோ அவருடைய பெயர் அதன் பக்கத்தில் நிற்கும். பத்து நாளைக்குள் அதற்குப் பேர் வைக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

அந்தப் பேரை சிவரஞ்சனி ஆறு வருடத்துக்கு முன்பே தயாராக வைத்திருந்தாள். லேபில் கிழித்துப் போடவிருந்த ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். வேறென்ன, 'ரஞ்சனி' என்றுதான். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? மூன்று பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப்போட்டு, அவை சூடேறாமல் இருக்க டேபிள் ஃபேன் வைத்து, கரண்ட் பில்லைப் பார்த்து முணுமுணுக்கும் புருஷன் வேலுசாமியைச் சமாளித்து, ஆறு வருடம் காத்துக் கிடந்தவள் தன் பேரை வைக்காமல் எதிர்வீட்டுக்காரி பேரையா வைப்பாள்?

மாரிச்செல்வி கொழுந்தன் கௌதம்ராஜின் மனைவி. கௌதம்ராஜ் பட்டாளத்தில் இருந்தான். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் சுலபமாகவே வாய்த்தது. சிவரஞ்சனி ஒரு மணி நேரம் நின்று செய்த குழம்பை மாமியார் வாய் பேசாமல் சாப்பிட்டார். மாரிச்செல்வி வைத்த ரசத்துக்கு இரண்டு தடவை தட்டை நீட்டினார். சிவரஞ்சனி இதையெல்லாம் எண்ணி வைத்திருந்தாள். இந்தக் கட்ட விளையாட்டு ஒன்றுதான் குடும்பத்தில் தனக்கென்று தனியாக இருந்தது. போன தைப்பொங்கலுக்கு வந்த மாரிச்செல்வி அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, இத எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள்.

சொல்லிக் கொடுத்தாள். மாட்டேன் என்றா சொல்ல முடியும்? எல்லாம் புரிந்துகொண்ட பிறகு மாரிச்செல்வி இன்னொன்றும் கேட்டாள்.

தெளிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதைச்சொல் உண்டு. நாம் ஒரு வார்த்தை கொடுத்தால் மென்பொருள் அதிலிருந்து பத்து லட்சம் தெளிப்புகளை வரிசையாக உண்டாக்கும். அதே வார்த்தையை யார் கொடுத்தாலும் அதே பத்து லட்சம், அதே வரிசை. பத்து லட்சமும் முடிந்தால்தான் முடிவு பட்டியலுக்குப் போகும். சிவரஞ்சனி சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்களை எண்ணோடு சேர்த்துப் போடுவாள். கூமாப்பட்டி மூன்று, புதுப்பட்டி பதினொன்று என்று போய்க்கொண்டிருக்கும். மாரிச்செல்வி கேட்டது தன்னுடைய முதல் ஓட்டத்துக்கு ஒரு வார்த்தை.

"ஒங்க கையால ஒண்ணு குடுங்கக்கா. வயல்ல மொத நாத்து நீங்கதான நடுதீய."

அது உண்மை. வ. புதுப்பட்டியில் மாமியார் சுடலையம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்து நடவு தொடங்கும்போது முதல் நாற்றை சிவரஞ்சனிதான் வைப்பாள். அவளுக்குக் கைராசி என்று அந்தக் குடும்பத்தில் பேச்சு. அவள் வைத்து எந்த வருடமும் விளைச்சல் மோசம் போனதில்லை. மாமியார் அவளைப் பற்றி வாய் திறந்து சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அந்தக் கையால் அவள் என்ன கொடுத்தாள் என்பதுதான் விஷயம். அந்த மாதம் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டர் பத்தேகால் வரை தாங்கிவிட்டுக் கண்ணை மூடியது. பிளவக்கல் ஒன்பது என்ற வார்த்தையில் போய்க்கொண்டிருந்த ஓட்டம் பாதியில் நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி மென்பொருளில் உண்டு. சிவரஞ்சனி தொடரமாட்டாள். பாதியில் நின்ற ஓட்டம் ஆகாது என்று அவளாகவே ஒரு சாஸ்திரம் வைத்திருந்தாள். இத்தனைக்கும் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவள். தனக்கு ஆகாது என்று ஒதுக்கிய அந்த ஓட்டத்தைத்தான், கோப்புகளைப் பிரித்துப் பார்க்கக்கூடச் சோம்பல்பட்டு, ஃபோல்டரோடு பென்டிரைவில் போட்டு ஓரகத்தியிடம் கொடுத்தாள். "நல்ல வார்த்தைட்டி, வச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள்.

இப்போது டீ டம்ளரை வைத்துவிட்டு, பட்டியலில் மாரிச்செல்வியின் பெயருக்கு நேரே இருந்த விவரத்தைத் திறந்தாள். விதைச்சொல், பிளவக்கல் ஒன்பது. தெளிப்பு எண், ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஆறு.

தன்னுடைய ஓட்டம் எங்கே நின்றது என்று அவளுக்கு மனப்பாடம். ஆறு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. கழித்துப் பார்த்தாள். அவளுடைய மெஷின் போகிற வேகத்துக்கு மீதி ஒரு மணி நேர வேலை. இன்வெர்ட்டர் பதினொன்றரை வரை தாங்கியிருந்தால் போதும். அதை விடுங்கள், கரண்ட் வந்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். நாமே பிடித்து அடுத்தவள் கையில் திணித்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று மதியம் வரை அவள் சோதித்த நூல் எல்லாம் அறுந்துகொண்டே இருந்தது.

இரண்டு நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலுசாமி ஊர்ச் செய்தி சொல்வதுபோல, மாரிச்செல்வி ஏதோ புதுசாகக் கண்டுபிடித்திருக்கிறாளாமே, தம்பி பட்டாளத்திலிருந்து போன் போட்டுப் பெருமைப்பட்டான் என்றார். அவள் தோசையைக் கருகவிட்டாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். வார்த்தை என்னுடையது. ஆறு லட்சத்துச் சொச்சம் ஓட்டமும் என்னுடையது. கண்டவள் என்று அவள் பெயர் நின்றுவிட்டுப் போகட்டும், பேரையாவது நான்தான் வைப்பேன். நேரில் போய் மூத்தவள் என்ற உரிமையில் கேட்பது. தரவில்லையென்றால் பட்டியலை நடத்துகிறவர்களுக்குப் புகார் எழுதுவது. புகாரை எழுதியே வைத்துவிட்டாள். அனுப்புவதுதான் பாக்கி.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பேச வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். சென்டரில் நல்ல கூட்டம். மாரிச்செல்வி யாருடைய கைரேகையையோ மெஷினில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஓரகத்தியைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள். செத்த நேரம் பொறுங்க என்று சொல்லி, இருந்தவர்களை அனுப்பிவிட்டு, ஒரு தட்டில் பால்கோவாவை வைத்து நீட்டினாள். சிவரஞ்சனி தட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பாக்குதீயளாக்கா?" என்று மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரை மாரிச்செல்வி திருப்பினாள்.

சிவரஞ்சனி பார்த்தாள். கைப்பிடி அளவு புள்ளிகள். நடுவில் கூடி, இரண்டு பக்கமும் பிரிந்து போய், போன வேகத்தில் ஒன்றையொன்று தேடித் திரும்பி, முப்பத்தோராவது அடியில் பழையபடி ஆனது. மறுபடியும் பிரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அழகில்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆறு வருடம் தன் வீட்டு மூன்று மெஷினும் இரைந்தது இதற்காகத்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிச்செல்வி அதைப் பார்த்தாளோ என்னவோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் அடுக்கி வைத்த பேச்சு ஒன்றும் வரிசையாக வரவில்லை. "அந்த வார்த்தை..." என்று தொடங்கினாள்.

"தெரியும்க்கா" என்றாள் மாரிச்செல்வி. "பென்டிரைவைத் தொறந்த அன்னைக்கே தெரியும். எத்தனாவதுல நின்னுச்சு, எம்புட்டு மணிக்கு நின்னுச்சு, எல்லாம் உள்ள இருந்துச்சே. நீங்க பாதியில நின்னதத் தொடமாட்டீயன்னு ஒங்க வீட்டு அத்தான் முன்னாடியே சொல்லிருக்காவ."

சிவரஞ்சனி கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு ஏன் ஓட்டினாய் என்று கேட்டாள்.

"மொதல்ல ஓட்டல. ஒரு வாரம் அழுகையா வந்துச்சு. நல்ல வார்த்தைன்னு சிரிச்சுக்கிட்டுக் குடுத்தீயல்ல, அதுதான் பொறுக்கல." மாரிச்செல்வி எந்தக் கோபமும் இல்லாமல், சான்றிதழுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். "அப்புறம் பாத்தேன். ஓட்டத்து மேல என்ன தப்பு இருக்கு? அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு. நீங்க விட்ட எடத்துலருந்து எடுத்து முடிச்சேன்."

பேர் வைக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று சிவரஞ்சனிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கேட்கத் தேவை இருக்கவில்லை. மாரிச்செல்வியே பட்டியலைத் திறந்து காட்டினாள். காலையிலேயே பேர் வைத்துவிட்டாளாம். உருவத்துக்கு மேலே 'ரஞ்சனி' என்று இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்திருக்க வழியில்லை.

"பத்துல ஏழு பங்கு நீங்க ஓட்டுனது" என்றாள் மாரிச்செல்வி. "அது ஒங்களுக்குச் சேரணும். சேத்தாச்சு." தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். "இனிமே வார்த்தைய நானே போட்டுக்கிடுதேன்க்கா."

வாசலில் பட்டா நகலுக்கு ஆள் வந்து நின்றது. மாரிச்செல்வி எழுந்து போனாள். பஸ் ஏறும் வரை கூட வந்து வழியனுப்புகிறவள் அன்றைக்கு வாசலோடு நின்றுகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சிவரஞ்சனி புகாரை அழித்தாள். பிறகு பட்டியலைத் திறந்தாள். ஆசைப்பட்ட பேர், ஆசைப்பட்ட இடத்தில் நின்றது. அதன் பக்கத்திலேயே கண்டவர் என்று மாரிச்செல்வி. அந்தப் பேரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையும் பார்ப்பார்கள். வயிறு மறுபடியும் எரிந்தது. முதலில் எரிந்தது அவள் கண்டுபிடித்ததற்கு. இப்போது எரிந்தது அவள் கொடுத்ததற்கு. இந்தக் கொடுக்கிற புத்தி ஏன் நமக்கு வராமல் அவளுக்கு வந்தது என்று நினைக்க நினைக்க இன்னும் எரிந்தது.

ராஜபாளையம் வருவதற்குள் மாமியாரின் போன் வந்தது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், புதன்கிழமை நடவு, முதல் நாற்றுக்கு நேரத்தோடு வந்துவிடு என்றார். சிவரஞ்சனி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இந்தத் தடவ மாரிச்செல்வியக் கூப்புடுங்க அத்த. அவ கையும் நல்ல கைதான்."

ஓரகத்திக்கு விட்டுக்கொடுக்க எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் என்று சுடலையம்மாள் அந்த வாரம் முழுக்கப் புதுப்பட்டியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மருமகளைப் பற்றி அவர் சொன்ன இரண்டாவது நல்ல வார்த்தை அது. சிவரஞ்சனியின் காதுக்கு அது வந்து சேர்ந்தபோது, அவள் பாதியில் நின்றுபோன பழைய ஓட்டங்கள் எத்தனை இருக்கின்றன, எங்கிருந்து தொடரலாம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.