மயிலாப்பூரில் ஓர் இரண்டாம் மாடி

மயிலாப்பூருக்கு எடுத்துப்போவதற்காகக் காப்பி ஃபில்டரைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கோயிலிலிருந்து வந்தார். கொடியேற்றம் முடிந்து வருகிறவர் வாசலில் காலைக் கழுவிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்து ஃபேனைப் போடுவார். அன்றைக்கு நடையிலேயே நின்றுவிட்டார். வலது மணிக்கட்டில் புதுக் கயிறு. மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

"கட்டிண்டுட்டேன், குஜா" என்றார்.

இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டியவர் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாராம். கொடிமரத்தடியில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். இவர் கையை நீட்டிவிட்டார். வீட்டில் ஒருத்தி மூன்று மாதமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளே என்று அந்தக் கைக்குத் தோன்றவில்லை. காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வெளியில் கை நனைக்கக்கூடாது. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் வீட்டில் மடியாகச் சமைத்தது. மறுநாள் மத்தியானம் நாங்கள் சென்னைக்குக் கிளம்புவதாக இருந்தது.

"சரி" என்றேன். ஃபில்டரைத் துண்டிலிருந்து பிரித்து அலமாரியில் வைத்தேன்.

எங்கள் பிள்ளை சுந்தரேஷ் அமெரிக்காவிலிருந்து கடைசியாக வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதலில் நோய்க்காலம், அப்புறம் விசா, அப்புறம் மாட்டுப்பெண் ஹைமவதியின் வேலை. பேத்தி இனியாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, அவளை நான் தொட்டதில்லை. போனில் பார்ப்பதுதான். அவளுக்கும் நான் கழுத்துக்கு மேலேதான் உண்டு. அங்கே பள்ளிக்கூடத்துக்கு நவம்பர் கடைசியில்தான் விடுமுறை, அது இந்த வருஷம் தீபத் திருவிழாவின் மேலேயே வந்து உட்கார்ந்தது. திருவிழா நாளில் எங்கள் ஊருக்குள் கார் வராது. எல்லையிலேயே நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டும். குழந்தைக்குப் புகை ஆகாது, மூச்சு இழுக்கும். அதனால் சென்னையிலேயே ஒன்பது நாளைக்கு ஒரு வீடு எடுத்துத் தங்குவது, நாங்கள் அங்கே போய் அவர்களோடு இருப்பது என்று முடிவாயிற்று. முப்பத்தேழு வருஷமாகக் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிற இவர் முதல் தடவையாகத் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தார். எந்தப் பேட்டையில் வீடு எடுப்பது என்பதைப் பிள்ளை என் பொறுப்பில் விட்டான்.

கல்யாணங்களுக்காக நாலைந்து தடவை சென்னைக்குப் போய் மண்டபத்தைத் தவிர வேறு ஒன்றும் பார்க்காதவள் நான். மூன்று மாதத்தில் அந்த ஊரைக் கரைத்துக் குடித்துவிட்டேன். நங்கநல்லூர் விமான நிலையத்துக்குப் பக்கம், தூங்கி வழிந்துகொண்டு வருகிற குழந்தையைச் சீக்கிரம் படுக்க வைக்கலாம். ஆனால் கடற்கரை தூரம். பெசன்ட் நகரில் கடல் வாசலிலேயே இருந்தது, வீட்டுப் படத்தில் சமையலறையைத் தேடினால் ஒரு மைக்ரோவேவ் மட்டும் உட்கார்ந்திருந்தது. தி. நகரில் தங்கினால் ஹைமா பொழுதுக்கும் கடை ஏறி இறங்குவாளே, குழந்தை யாரோடு இருக்கும் என்று யோசித்தேன். என்னோடுதானே இருக்கும் என்று தோன்றியதும் அரை நாள் தி. நகர் பக்கமே சாய்ந்துவிட்டேன். கடைசியில் மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் இரண்டாம் மாடி. லிஃப்ட் உண்டு, என் முழங்காலுக்கு. மூன்று அடுப்பு. பால்கனியில் துளசித் தொட்டி. இவர் காலையில் நடந்துபோகக் கோயில். படங்களை ஒவ்வொன்றாக இவரிடம் காட்டினேன். "பால்கனிக் கம்பி நெருக்கமா இருக்கான்னு கேளு, கொழந்தை தலையை விட்டுக்கப் போறது" என்றார். அவருக்கும் ஆசைதான். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன்.

விமான நிலைய ஏற்பாடு மாறனுடையது. எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவன், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை வாரத்துக்கு நாலு தடவை அங்கிருந்து கூட்டி வருகிறவன். ஏழு பேர் உட்காரும் வண்டி. குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும் என்று சுந்தரேஷ் கண்டிப்பாகச் சொன்னதும், விடுதியில் ஒரு ஜெர்மன்காரி விட்டுப்போன இருக்கையை மாறன் வாங்கிவந்து சோப்பு போட்டுத் தேய்த்துக் காயவைத்தான். எனக்குப் பாடமும் நடத்தினான். "ஃப்ளைட் எறங்கிடுச்சுனு போர்டுல போட்டாலும் வெளிய வர ஒரு மணி நேரம் ஆவும்மா. பயந்துக்காதீங்க. கம்பி ஓரமா எடம் புடிச்சி நின்னுடுங்க. தள்ளுவண்டி மேல குந்தினு வரும் பாருங்க, அதான் உங்க பேத்தி." நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை மனசுக்குள் நின்றிருப்பேன்!

காப்புக் கட்டிய அன்றைக்குச் சாயங்காலம் அவரே ஆரம்பித்தார். "நீ போயிட்டு வா. எனக்கென்ன, பாலும் பழமும் போறும்."

சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாலும் பழமும்! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுப் போனால், வாகனம் வீதி சுற்றி வந்து மத்தியானம் ஒன்றரைக்குத்தான் இலையில் உட்காருவார். மாத்திரையை நான் எடுத்துக் கையில் வைத்தால்தான் உண்டு. போன வருஷம் தேரன்று தலை சுற்றிச் சுவரோடு சரிந்தவர். வேறு யாரையாவது சமைத்துப்போடச் சொல்லலாம் என்றால், தெருவில் எல்லா வீட்டிலும் இதே பாடு, ஒவ்வொரு கூடத்திலும் பத்து விருந்தாளி. யாரிடம் போய் என் அடுப்பைப் பார்த்துக்கொள் என்பது?

"ஏன் நீட்டினேள்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"எல்லாரும் என் மொகத்தையே பாத்தா. கை தானா போயிடுத்து."

அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என்னையும் யாரும் தடுக்கவில்லை. யாரையாவது நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. எனக்கு மனசு வெறுத்துப்போயிற்று.

மாறன் மட்டும் பெயர் எழுதிய அட்டையோடு போய் அவர்களை அழைத்துக்கொண்டு மயிலாப்பூரில் விட்டான். அன்றிலிருந்து போனில் படங்கள் வந்தன. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பால்கனியில் இனியா நின்றாள். நான் எண்ணி வைத்த மூன்று அடுப்பில் ஒன்றில் ஹைமா நூடுல்ஸ் பண்ணினாள். எங்களுக்கென்று ஒதுக்கிய அறைக் கட்டிலில் பெட்டிகளைத் திறந்து பரப்பியிருந்தார்கள். இவர் வீதியுலா முடிந்து வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். நான் ரசம் ஊற்றுவேன். இப்படியே ஆறு நாள் போயிற்று. காப்பு அவிழ்க்கும் அன்றைக்கு விடிகாலையில் அவர்களுக்குத் திரும்பும் விமானம்.

திருவிழாவின் எட்டாம் நாள் சுந்தரேஷ் கூப்பிட்டான். "அம்மா, கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கார் வருமாம். நாளைக்குக் காத்தால அங்க வந்துடறோம். அப்பாவால முடியாதுன்னா நீ மட்டுமாவது வா."

விடிவதற்குள் சமைத்து மூடி வைத்தேன். சாதத்தை மட்டும் வந்து வைத்துக்கொள்ளலாம். "கொழந்தையை நெத்தியில தொட்டு இட்டுடு" என்று இவர் விபூதிப் பொட்டலம் கொடுத்தார். ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிகப் பேருந்து நிலையத்துக்கு முழங்காலை இழுத்துக்கொண்டு நடந்து, பஸ் பிடித்து, எட்டரைக்கெல்லாம் கீழ்பென்னாத்தூரில் இறங்கிவிட்டேன். ஒன்பதுக்கு வருவதாகச் சொன்ன கார் பத்துக்கும் வரவில்லை. எதிர்ப்பக்கம் முழுக்க எங்கள் ஊருக்குப் போகும் பஸ்களும் வேன்களுமாக அடைத்துக்கொண்டு நகர்ந்தன. நிறுத்தத்தில் அவித்த வேர்க்கடலை விற்கும் அம்மாள், என் வயசுதான் இருக்கும், தன் குடைக்குள் என்னைக் கூப்பிட்டாள்.

"யாருக்கும்மா காத்துனு கீறீங்க?"

"பேத்திக்கு."

"வரட்டும், வரட்டும். வெயில்ல நிக்காதீங்க, இப்பிடி வாங்க."

பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. சுந்தரேஷுக்குக் காதோரம் நரைத்திருந்தது, போனில் அது தெரியவில்லை. நடுரோட்டிலேயே குனிந்து என் காலைத் தொட்டான். குழந்தை வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஹைமா எழுப்பியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பாட்டிடா கண்ணா, போன் பாட்டி" என்றாள் ஹைமா. தோளிலிருந்து முகம் வரவில்லை. பின்னங்கழுத்தில் முடி வேர்த்து ஒட்டியிருந்தது. அதைத் தொட்டேன். சூடாக இருந்தது. விபூதியை நெற்றியில் வைக்க முடியவில்லை, கழுத்தில்தான் ஒரு விரல் வைத்தேன்.

"நீங்க பாத்து வெச்ச வீடு ரொம்ப நன்னா இருக்கும்மா" என்றாள் ஹைமா. "காத்தால கோயில் நாதஸ்வரம் ஆத்துக்குள்ளயே கேக்கறது."

நல்ல பெண்தான். மனசாரத்தான் சொன்னாள்.

சுந்தரேஷ் பின்கதவைத் திறந்தான். "ஏறும்மா. இன்னும் ரெண்டு நாள்தான். அப்பாவே போயிட்டு வான்னுதானே சொன்னார்? துணியெல்லாம் அங்க வாங்கிக்கலாம்."

உள்ளிருந்து ஏசிக் காற்று என் பாதத்தில் சில்லென்று பட்டது. சாய்ந்து உட்கார இடம் இருந்தது. மணி பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம், இந்த நெரிசலில் ஊர் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகும்.

"ஒன்றரைக்குள்ள அப்பாவுக்கு எலை போடணும்டா" என்றேன்.

ஆறு வருஷமாக நேரில் கேட்டிராத அந்தக் குரலில் இன்னொரு தடவை, ஒரே தடவை, 'வாம்மா' என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ. அவன் மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

வண்டியைத் திருப்ப நெரிசலில் வெகு நேரமாயிற்று. நான் மறுபடியும் குடைக்குள் வந்து நின்றேன். கார் எங்களுக்கு நேராக வந்தபோது கண்ணாடி இறங்கியது. ஹைமா என்னவோ சொல்ல, இனியா ஜன்னலில் எக்கி வெளியே பார்த்தாள். கூச்சமெல்லாம் போயிருந்தது. "பை பாட்டி! பை பாட்டி!" என்று இரண்டு கையையும் வீசினாள். என்னைப் பார்த்து இல்லை. பக்கத்தில் நின்ற வேர்க்கடலைக்கார அம்மாளைப் பார்த்து.

அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கடலை அளக்கும் படியைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை உயரத் தூக்கி ஆட்டினாள். "கொயந்த எவ்ளோ அயகா டாட்டா காட்டுது பாரும்மா" என்றாள் என்னிடம்.

கார் வேன்களுக்கு நடுவே புகுந்து போயிற்று. அவள் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.