புதன்கிழமைத் தும்மல்

மனிதகுலத்தில் சளி பிடிக்காதவர்கள் இரண்டே வகை. ஒன்று, சிலைகள். இன்னொன்று, நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை சில நேரம் பெருமை மாதிரி தெரியும், அதற்கு உண்மை பொறுப்பாகாது. இருபத்தொரு வருடங்களில் மழையில் நனைந்திருக்கிறேன், மார்கழியில் ஐஸ்கிரீம் தின்றிருக்கிறேன், இருமுகிறவன் வைத்த டம்ளரில் மிச்ச டீயைக் குடித்திருக்கிறேன். என் மூக்கு ஒருநாளும் ஒழுகியதில்லை.

கல்லூரியில் இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் பென்சன் அண்ணன்.

மூக்கண்டப்பள்ளியில் நாராயணம்மா வீட்டு மாடியறையில் நானும் அவரும் தங்கியிருந்தோம். ஆள் இரண்டு, மெத்தை ஒன்று. அவருக்கு உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்கு அவர் வந்து படுப்பதற்கும் நான் எழுந்து கல்லூரிக்குக் கிளம்புவதற்கும் சரியாக இருக்கும். மெத்தைக்கு ஆறுவதற்கே நேரம் கிடைக்காது.

அவர் மனைவி ரூபி அக்காவுக்கு ஏழரை மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தேழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அண்ணன் தன் மகளைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தையை ஜவளகிரிக்கு, ரூபி அக்காவின் அம்மா வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அன்றுதான் முதல்முறையாகக் கையில் வாங்கப்போகிறார். டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சளி இருக்கிற யாரும் கிட்டே வரக்கூடாது. நமக்கு நாலு கைக்குட்டையோடு முடிகிற சங்கதி, அந்த நுரையீரலை மறுபடி ஆக்ஸிஜனுக்கு அனுப்பிவிடுமாம்.

அண்ணன் அறையை ஆஸ்பத்திரி ஆக்கினார். அவர் துண்டு தனி ஆணிக்குப் போனது. அவர் தலையணை துவைத்த உறைக்குள் போனது, மொட்டைமாடி வெயிலுக்கும் போய்வந்தது. கை கழுவுவதுதான் உச்சம். இருபது நொடி சோப்புப் போடச் சொல்லியிருந்தாள் நர்ஸ். நொடி எண்ணினால் அண்ணனுக்கு அவசரம் வந்து பன்னிரண்டிலேயே இருபது ஆகிவிடும். அதனால் பரமண்டல ஜெபத்தை முழுக்கச் சொல்லிக்கொண்டே தேய்ப்பார். ஆமென் சொன்ன பிறகுதான் குழாயைத் திறப்பார்.

"ஏண்ணா, கை கழுவுறீங்களா, கைக்கு ஞானஸ்நானம் குடுக்கறீங்களா?"

"கிண்டல் பண்ணு. சோப்பு போட்டுட்டுப் பண்ணு."

"எனக்கெல்லாம் சளி புடிக்காதுண்ணா."

"உனக்குப் புடிக்காதுடா சுரேந்தர். உன் கூடத் தங்கின பாவத்துக்கு எனக்குப் புடிக்குமில்ல?"

இந்த மாதிரி இடங்களில் நான் சிரிப்பது வழக்கம்.

மறுநாள் கேன்டீனில் அண்ணன் கை கழுவுவதை நடித்துக் காட்டினேன். ஆமெனுக்குப் பலத்த கைதட்டல். சிரித்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள்.

புதன்கிழமை இரவு தொண்டையில் லேசாக ஓர் அரிப்பு. பிறகு ஒரே ஒரு தும்மல். முகம் அப்போது அண்ணனின் தலையணையில் இருந்தது. என்னுடையதில் எண்ணெய் நாற்றம். அவருடையதில் வெயில் வாசம். அவர் இல்லாத இரவுகளில் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

காலையில் அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"குரல் ஒரு மாதிரி இருக்குதே. தும்முனியா?"

"தூசிண்ணா. ஜூஜுவாடி ரோட்டுல லாரிங்க போற போக்குக்குத் தும்மலன்னாதான் வியாதி."

"ஞாயித்துக்கிழமைடா" என்றார். கை கழுவினார், ஆமென் சொன்னார், அந்தத் தலையணையில் முகம் புதைத்துப் படுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

மத்தியானத்துக்குள் தொண்டை சரியாகிவிட்டது. என் சாதனைக்குப் பங்கமில்லை.

சனிக்கிழமை அண்ணனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. நாராயணம்மா எட்டிப் பார்த்து "நெகடி" என்று கன்னடத்தில் சொன்னார். கீழ்வீட்டு ராஜப்பன் "ஜலுபு" என்று தெலுங்கில் சொன்னார். நான் எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, கட்டி வைத்திருந்த பையிலிருந்து குழந்தைக்கு வாங்கிய சின்னத் தொப்பியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அண்ணன் ரூபி அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டார்.

"நான் வரல, ரூபி."

"ஏங்க?"

"மூக்கு ஒழுகுது."

"சரிங்க. அடுத்த வாரம் வாங்க. இவ எங்கியும் போவ மாட்டா" என்று அக்கா வீடியோவைத் திருப்பிக் காட்டினாள். துணிக்குள்ளிருந்து என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முஷ்டி தெரிந்தது.

அண்ணனுக்குத் தும்மல் வந்தது. சட்டென்று போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முழங்கைக்குள் தும்மினார்.

போனில் தொற்றாதுண்ணா என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை வருடத்தில் வாய் வரை வந்த கிண்டலை நான் விழுங்கியது அன்றுதான்.

பேசி முடித்ததும் சொன்னேன். "அண்ணா, புதன்கிழமை தூசி இல்ல. உங்க தலகாணியிலதான் தும்முனேன்."

அவர் மூக்கைத் துடைத்தார். "கம்பெனி பஸ்ஸுல நாலு பேரு இருமறான். மிஷின்கிட்ட ஒருத்தன் இருமறான். யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எப்பிடிடா சொல்றது?"

"எனக்கு ஒண்ணுமே ஆவலியேண்ணா. ஒரே தும்மல்."

"நர்ஸு அதையும் சொல்லுச்சு. சில பேருக்கு வந்ததும் தெரியாதாம், போனதும் தெரியாதாம். அவங்கதான் ஊருக்கெல்லாம் குடுத்துக்கிட்டுத் திரிவாங்களாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

சந்தேகத்தின் பலனை எனக்கே கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. எனக்கு எத்தனை முறை சளி பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னிடமிருந்து எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதை யாரிடம் போய்க் கேட்பது? என் டம்ளரில் குடித்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர்கள், எந்த வீட்டில் எந்தக் கண்ணாடிப் பெட்டியோடு இருந்தார்களோ.

அன்றிலிருந்து நான் பாயில் படுக்கிறேன். அண்ணனுக்கு வியாழக்கிழமை மூக்கு அடங்கியது. இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும் என்று அவரே சொல்லிக்கொண்டு, வெள்ளி சாயங்காலம் வேலைக்குக் கிளம்பினார்.

அவர் போனதும் நான் கல்லூரியிலிருந்து வந்தேன். கதவைத் தொடும் முன் மாடிக்குழாயடிக்குப் போனேன். சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. சோப்பைத் தேய்த்தபடி, மிஷன் பள்ளியில் ஐந்து வருடம் தினமும் காலையில் சொன்ன அதே ஜெபத்தை முணுமுணுக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது.

குழாயைத் திறக்கவில்லை. சோப்பை மறுபடி எடுத்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.