பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம்

கிரகப்பிரவேசப் பத்திரிகையின் மாதிரி, அச்சகத்திலிருந்து என் கணவர் பகலவனின் போனுக்கு வந்திருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று போட்டிருந்தார்கள்.

"இதை எடுத்துடச் சொல்லுங்க," என்றேன்.

"ஏன்?"

கல்யாணத்தின்போது என் அப்பா, கடைசி வருஷ ரிசல்ட் வருவதற்கு முன்பே பட்டத்தைப் போட்டுப் பத்திரிகை அடித்துவிட்டார். ரிசல்ட் வந்தபோது இயற்பியலில் ஒரு பேப்பர் போயிருந்தது. பத்திரிகையோ ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. "யாரும் கேக்க மாட்டாங்க, நீ வாயைத் திறக்காதே," என்றார் அப்பா.

யாரும் கேட்கவில்லைதான்.

"ஒரு பேப்பர் அரியர். பதினாலு வருஷமா," என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் சிரித்தார். "தெரியும் எழில். கல்யாணமான அந்த நவம்பர்ல, வானதியைப் பார்க்கப் போறேன்னு தஞ்சாவூர் போனியே? பையில லாகரிதம் புக் இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு யாராவது தோழியைப் பார்க்கப் போவாங்களா?"

அந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பூதலூரில் பாசஞ்சர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபார்முலாக்களை முணுமுணுத்துக்கொண்டே போனேன். திரும்பும்போது நல்ல மழை. பகலவன் யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் மொபெட்டோடு நின்றார். வயலிலிருந்து நேராக வந்த காலெல்லாம் சேறு.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்பக் கஷ்டம்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாருக்கு, வானதிக்கா?"

"ஆமா. அவ வீட்டுல... பாவம்."

அவர் சூடாக பஜ்ஜி வாங்கித் தந்தார். என் விரலைப் பிடித்துத் துண்டால் அழுத்தித் துடைத்தார். மழை ஈரத்தைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். மையைத் துடைத்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன் இப்போது.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா சங்கடப்படுவியேன்னு..."

"கேட்டிருந்தா உக்காந்து படிச்சிருப்பேனே! பரண்ல புத்தகத்தை ஒளிச்சு வச்சு, அத்தை கோயிலுக்குப் போற நேரத்துல படிச்சா பாஸாக முடியுமா? ரெண்டு தடவை ஃபெயில். அப்புறம் பாப்பா பொறந்தா. விட்டுட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினார். "பேரு மட்டும் போதும்ங்க. என் பேர்ல இருக்கற பி.காமையும் எடுத்துடுங்க."

பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்திருப்பதை அந்த வாரமே அவர்தான் கண்டுபிடித்தார். அத்தையிடமும் அவரே சொன்னார்.

"அடிப்பாவி! எட்டாவதே தாண்டாத எங்கிட்டயாடி மறைச்சே?" என்றார் அத்தை. "உங்கப்பன் அடிச்ச பத்திரிகையை நம்பித்தானேடி பொண்ணெடுத்தோம்!"

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், நான் கூடத்தில் நடுவாக உட்கார்ந்து படிக்கையில், டிவியை அவரே அணைத்தார்.

நவம்பரில் மறுபடியும் அதே ரயில். தயிர்சாதப் பாத்திரத்தோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்ட அத்தை, பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம், "எங்க மருமவ பரீட்சை எழுதப் போறா, கொஞ்சம் தள்ளி எடம் குடுங்க," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சாயங்காலம் மழையில்லை. ஆனாலும் பகலவன் பஜ்ஜியோடு நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்பக் கஷ்டம்," என்றேன், சத்தமாக.

தை அறுவடையின்போது ரிசல்ட் வந்தது. நாற்பத்து மூன்று மார்க். பாஸ்.

பகலவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. அதில் இனி எதையும் எடுக்க வேண்டியதில்லை. இதைப் பார்க்க அப்பாதான் இல்லை. அவர் போய் ஆறு வருஷமாகிறது.

அத்தை அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அப்ப சம்பந்தி பொய் சொல்லலைடி," என்றார். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு, அவ்வளவுதான்."