சல்லடையும் ரப்பர் ஹாரனும்

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரியில் அந்த டிரைவிங் டீச்சருக்கென்று ஓர் இடம் உண்டு. மேல்படியில், தூணுக்குப் பக்கத்தில். டிக்கெட்டில் என்ன எண் போட்டிருந்தாலும் சரி, அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மரியாதை எல்லாம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் காது போய்விடும் என்ற பயம்தான். வாரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்திப் பழுத்த தொண்டை அது. போதாக்குறைக்குக் கையில் ஒரு ஹாரன் வேறு. ஏதோ பழைய லாரியிலிருந்து கழற்றிய, ரப்பர் பந்து வைத்த ஹாரன். ஓர் அமுக்கு அமுக்கினால் "பாம்" என்று ஹாக்கி மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்.

முன்பெல்லாம் தங்கள் அணி கோல் போட்டால் மட்டும்தான் அந்த ஹாரன் வாயைத் திறக்கும். இந்த வருஷம் எங்கே கோல் போட்டார்கள்? வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். சும்மா கிடந்த ஹாரனுக்கு டீச்சர் புது வேலை கண்டுபிடித்தாள். பின்வரிசையில் நிற்கும் ஃபுல் பேக்கின் மட்டைக்குப் பந்து போனால் உடனே ஒரு "பாம்". சீக்கிரம் தள்ளித் தொலை, நீ வைத்திருந்தால் எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது என்று அர்த்தம். கேலரியே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பில் டீச்சருக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்த ஃபுல் பேக்குக்கு முன்னாளில் 'சுவர்' என்று பெயர். வைத்தது இதே கேலரி. இந்த வருஷம் அதை 'சல்லடை' என்று மாற்றியதும் இதே கேலரிதான். எந்த ஆட்டமானாலும் எதிரணி அவரைத் தாண்டித்தான் கோல் போட்டது. அதைவிட எரிச்சல், கோல் விழுந்த அடுத்த நொடி அவரே ஒரு கையை மேலே தூக்குவார். என் தப்பு என்று நெஞ்சில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் இடத்துக்கு நடந்துபோவார்.

"பாத்தியா, பாத்தியா, அவரே ஒத்துக்கிறாரு!" என்று டீச்சர் குதிப்பாள். "தப்பு பண்ண வேண்டியது, கையைத் தூக்க வேண்டியது. இதுக்கு ஒரு ஆளு, ஒரு மட்டை, ஒரு ஜெர்சி!"

பக்கத்தில் அவளுடைய நாத்தனார் இருப்பாள். மருந்துக்கடையில் வேலை. எல்லா ஆட்டத்துக்கும் அண்ணியோடு வந்துவிடுவாள், வந்து பாதி ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். அவ்வளவு பயம்.

"அண்ணி, மெதுவா. அந்த மனுஷனுக்குக் காது கேக்கும்."

"கேக்கட்டும்னுதானேடி கத்துறேன்."

அப்படிக் கத்திவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஓர் உயரமான ஆள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். சாட்சாத் சல்லடை.

"வண்டி கத்துக்கணும் மேடம். இத்தனை வருஷம் டீம் பஸ்ஸுலயே போய் வந்துட்டேன். இப்ப லைசன்ஸ் இல்லாம எந்த வேலையும் கெடைக்காது போலிருக்கு" என்றார் அவர்.

"ஏன், இப்ப பாக்குற வேலை?" என்று தெரியாதவள்போலக் கேட்டாள்.

"ஹாக்கி ஆடுறேன் மேடம். கடைசி ஆட்டத்துல தோத்தா டீம் கீழ்ப்பிரிவுக்கு எறங்கிடும். எறங்கினா நீ வேண்டாம்னு மேனேஜர் மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. தோக்கலைன்னா இன்னொரு வருஷம் ஆடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது?

தன் குரலை அவர் அடையாளம் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதுதான் அன்றைக்கு டீச்சரின் ஒரே கவலை. எனவே, பிறந்ததிலிருந்து பேசாத ஒரு குரலில், தேன் தடவினமாதிரி பேச ஆரம்பித்தாள். "மெதுவா கிளட்சை விடுங்க... அப்படித்தான்... நல்லா வருது..." அவளுக்கே சகிக்கவில்லை. தெருமுனையில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. வண்டி நேராக அதைப் பார்த்துப் போனது.

"பிரேக்! பிரேக்! கண்ணு எங்க இருக்கு!"

தேன் எல்லாம் ஒரே நொடியில் காற்றோடு போயிற்று. அவர் சட்டென்று திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். அவர் நின்ற வண்டியை மறுபடி கிளப்பினார். அப்பாடா என்று இருந்தது.

ஓட்டத் தெரியாத ஆளில்லை அவர். தெருவை நன்றாகப் படித்தார். எந்த சைக்கிள் எந்தப் பக்கம் திரும்பும் என்று டீச்சருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. ஆனால் பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துவிட்டால் போதும், முடிந்தது கதை. கிளட்சை விட்டுவிடுவார், வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துபோகும். முதல் நாளே நாற்சந்தியில் அப்படி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக எல்லா வண்டியும் அலறியது. டீச்சருக்கு வந்ததே கோபம். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"கத்துக்கிட்டு இருக்காரு, தெரியலையா? போர்டு வெச்சிருக்கோம், கண்ணு தெரியலையா? அவ்வளவு அவசரம்னா பறந்து போங்க!"

பிறகு உள்ளே திரும்பி, மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னாள். "ஹாரன் அடிக்கிறவங்களுக்குத்தான் அவசரம். உங்களுக்கு என்ன அவசரம்? நில்லுங்க. இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க. வழி தெரிஞ்சா போங்க. அவ்வளவுதான் டிரைவிங்."

சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய், அலமாரிமேல் உட்கார்ந்திருந்த ரப்பர் ஹாரனைப் பார்த்தபோது சுருக்கென்றது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

பாடங்கள் நடந்தன. ஒருநாள் ஒரு மோட்டார் பைக் குறுக்கே வந்து, இடிக்காத குறையாக முன்னால் புகுந்தது. அவர் அழகாக பிரேக் போட்டார். போட்டுவிட்டு, அந்த பைக்காரனைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்குக் கையைத் தூக்குறீங்க? வந்து புகுந்தது அவன். தப்பு அவன்மேல!"

"பழக்கம் மேடம். கோல் விழுந்தாலும் இப்படித்தான் தூக்கிடுவேன்."

"பண்ணாத தப்புக்கா?"

அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். "கோல் விழுந்ததும் பசங்க ஒருத்தனை ஒருத்தன் பாப்பானுங்க. உன்னாலதான், இல்ல உன்னாலதான்னு கண்ணுலயே சண்டை ஆரம்பிச்சிரும். அப்புறம் எங்க பாஸ் குடுப்பான்? அதான் மொதல்ல ஒரு கை மேல போயிட்டா, விஷயம் அதோட முடிஞ்சுது. அடுத்த பந்தைப் பாக்கலாம்."

டீச்சர் தேவையே இல்லாமல் பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"நான் ஹாக்கியெல்லாம் அவ்வளவா பாக்குறதில்ல," என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். "பேப்பர்ல எப்பவாவது படிப்பேன். போன வாரம் ரெண்டாவது கோல் உங்களாலன்னு போட்டிருந்தாங்க."

"எனக்கு முன்னாடி, நடுவரிசையில ரைட் ஹாஃப் ஆடுறவன் புதுசு. பந்து கெடைச்சா முன்னாடி பறந்துருவான். நல்லா ஆடுறான், பறக்கட்டும். அவன் விட்டுட்டுப் போன எடத்தை நான் ஓடிப்போய் மூடணும். சில நேரம் போய்ச் சேர முடியல. காலு பழைய காலு இல்ல. அதனால பாதி என் தப்புதான் மேடம்."

"மீதிப் பாதி?"

"அதுக்கும் யாராவது கையைத் தூக்கணுமில்ல?"

அன்று இரவு டீச்சர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அந்த வருஷத்து ஆட்டங்களை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஆமாம். ஒவ்வொரு கோலிலும் அவர் எங்கிருந்தோ ஓடி வந்துகொண்டிருந்தார். ஓடி வந்தவரைத்தான் பார்த்தார்களே தவிர, எந்த இடத்தை யார் காலியாக விட்டதால் ஓடி வந்தார் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் தப்புக்கெல்லாம் தன் காலை வைத்து அழுத்துவதுதான் அவளுடைய பிழைப்பு. அந்தப் பிழைப்பைத்தான் அந்த மனிதரும் பார்க்கிறார். இது தனக்கு உறைக்கவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்கு மனசே ஆறவில்லை. என்ன மனுஷன்! இவரையா சல்லடை என்றோம்!

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய பாடம். வண்டியை அவர் இழுத்துப் பிடிக்காமல், நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இறங்குவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் தொண்டையைச் செருமினாள்.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல மேடம்?" என்றார் அவர். "அதே தூணுக்குப் பக்கத்துலதானே?"

டீச்சரின் கால் தானாகத் தன் பிரேக்கை மிதித்தது. வண்டி நடுத்தெருவில் குத்துக்கல்லாக நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் அசரவே இல்லை. அடங்காமல் சிரித்தார்.

"எப்பலேருந்து தெரியும்?" அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"அந்தக் குப்பைத்தொட்டி வந்துச்சே, அப்பவே. எத்தனை வருஷமா முதுகுக்குப் பின்னாடி கேட்டுக்கிட்டிருக்கேன், தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க? ஊர்ல வேற ஸ்கூலா இல்ல?"

"போயிரலாம்னுதான் நெனைச்சேன். ஆனா அன்னிக்கே நாற்சந்தியில வண்டி நின்னுச்சில்ல? தலையை வெளிய நீட்டி எல்லாரையும் ஒரு பிடி பிடிச்சீங்க. அந்தக் குரல் எனக்காகக் கத்தி அன்னிக்குத்தான் மொதல்ல கேட்டேன். நல்லா இருந்துச்சு மேடம். அதான் மறுநாளும் வந்தேன்."

டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது. சமன் செய்தால்கூடப் போதும், அணி இருக்கிற இடத்தில் இருக்கும். தோற்றால் அணியும் கீழே, அவரும் வெளியே. டீச்சர் ஹாரனைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தாள். வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் நினைத்தாள், பழக்கதோஷம், கை எடுத்துப் போட்டுவிட்டது. அன்றைக்கு அவள் அதைத் தொடவே இல்லை. முன்படியில் இருந்த மளிகைக்கடைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, ஹாரன் ரிப்பேரா? சல்லடைகிட்ட பந்து போகுது, அடி!"

"அவரு பேரு சல்லடை இல்ல. வாயை அளந்து பேசுங்க."

மளிகைக்கடைக்காரருக்கு வாயில் ஈ போனதுகூடத் தெரிந்திருக்காது.

அவர் அன்றைக்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ரைட் ஹாஃப் பறந்தபோதெல்லாம் அந்த இடத்தைப் போய் மூடினார். ஒரு பெனால்டி கார்னரில் பந்தைத் தொடையில் வாங்கிக்கொண்டு நொண்டியபடியே நின்றார். நடுவில் ஒரு கோல் விழுந்தது, வழக்கம்போல ஒரு கை மேலே போனது, பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்துக்கு ஓடினார்கள். அந்த ரைட் ஹாஃபே பிறகு ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சரிசெய்தான். டீச்சரின் கால் மட்டும் சிமெண்டுப் படியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். பந்து அவர் மட்டைக்கு வந்தது. தங்கள் கோல் வட்டத்தின் விளிம்பு. எதிரணியில் மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். கேலரியில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

"பாம்!"

டீச்சர் துள்ளிவிட்டாள். பக்கத்தில் நாத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பையிலிருந்து எப்போது எடுத்தாளோ, ஹாரனை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தாள். பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, பிடித்தது இதைத்தான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் மைதானத்தைப் பார்த்தாள். அவர் பந்தைத் தள்ளவில்லை. மட்டையைப் பந்தின்மேல் வைத்தபடி நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பாய்ந்து வந்தவன் கை நீட்டும் தூரத்துக்கு வந்தபிறகு, அவனை ஒரு சுற்றுச் சுற்றி, காலியாகக் கிடந்த ஓரக்கோட்டுப் பக்கமாகப் பந்தை நீளமாக அடித்தார். அது எதிரணியின் எல்லைவரை உருண்டு போய்ச் சேர்வதற்குள் கடைசி விசில் ஊதிவிட்டார்கள்.

கேலரி கூரையைப் பிய்த்தது. கட்டிப்பிடித்தார்கள், ஆடினார்கள், ஒருவர் செருப்பு இன்னொருவர் தலையில் விழுந்தது. "சுவரு! சுவரு!" என்று பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்துக் கத்தினார்கள். கத்தி ஓய்ந்தபிறகுதான் மளிகைக்கடைக்காரருக்கு ஞாபகம் வந்தது.

"ஆமா, அந்த நேரத்துல ஹாரன் அடிச்ச அறிவுகெட்டது யாரு?"

"அதானே! கொஞ்சம் ஏமாந்திருந்தா டீமே போயிருக்கும்!" சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஹாரன் நாத்தனார் மடியில் பப்பரப்பே என்று கிடந்தது.

டீச்சர் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து நின்று ஒரு கையை மேலே தூக்கினாள்.

"நான்தான். என் தப்பு. முடிஞ்சுதா? போய் வேலையைப் பாருங்க."

வண்டி வண்டியாகத் திட்டு விழுந்தது. டீச்சர் கையை இறக்கவில்லை. கீழே, தொடையைத் தேய்த்துக்கொண்டு வெளியே நடந்த அந்த உயரமான மனிதர் தூணுக்குப் பக்கத்தில் தூக்கிய கையைப் பார்த்தார். நின்று, நெஞ்சில் ஒரு தட்டு தட்டி, தன் கையையும் தூக்கினார்.

"அண்ணி," என்று நாத்தனார் அவள் காதோரம் வந்தாள். "அடிச்சது நான்தானே?"

"வாயை மூடிக்கிட்டு செருப்பைத் தேடு," என்றாள் டீச்சர். "நாளைக்கு அவருக்கு ரிவர்ஸ் சொல்லிக்குடுக்கணும்."